நிகர லாபத்தைக் கடைசியில் பாருங்கள்: லாப நட்டக் கணக்கை வாசிக்கும் முறை

ஒரு நிறுவனத்தின் ஆண்டு முடிவுகள் வெளியானதும் தலைப்புச் செய்தியில் வருவது பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான்: நிகர லாபம் இத்தனை சதவீதம் உயர்ந்தது. அது பொய்யான எண் இல்லை. ஆனால் அது கணக்கின் அடிவரி. ஏன் உயர்ந்தது என்பதற்கான பதில் அதற்கு மேலே உள்ள வரிகளில் இருக்கிறது. பொருள் விற்று வந்த லாபமா, நிலம் விற்று வந்ததா, வரி குறைந்ததால் வந்ததா, செய்ய வேண்டிய செலவைச் செய்யாமல் விட்டதால் வந்ததா? லாபத்திறனை எடைபோடுவது என்றால், இந்த லாபத்தில் அடுத்த வருடமும் வரக்கூடியது எவ்வளவு என்று பிரித்தெடுப்பதுதான்.

எந்த அறிக்கையை எடுப்பது

பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் முடிவுச் சுருக்கத்தை நம்பி உட்காராதீர்கள். ஆடிட் ஆன ஆண்டறிக்கையை எடுங்கள். துணை நிறுவனங்கள் இருந்தால் தனிக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு என இரண்டு இருக்கும், ஒருங்கிணைந்ததுதான் வேண்டும். தாய் நிறுவனம் தன் துணை நிறுவனத்துக்கே சரக்கு விற்றுக் காட்டிய விற்பனை அதில்தான் கழிக்கப்பட்டிருக்கும்.

குறைந்தது ஐந்து வருடக் கணக்காவது வேண்டும். ஒரு வருடத்தை மட்டும் பார்த்து மார்ஜின், அதாவது விற்பனையில் லாபம் எத்தனை சதவீதம் என்பது, நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. எண்கள் லட்சத்திலா, கோடியிலா, மில்லியனிலா என்பதை மேல் மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் நடுவில் அலகை மாற்றிவிடும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் கழித்தல் எண். இந்த வருட அறிக்கையில் இருக்கும் “சென்ற வருட” எண்ணையும், சென்ற வருட அறிக்கையிலேயே அச்சான எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் பழைய கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள். காரணம் கணக்கோடு இணைத்திருக்கும் குறிப்புகளில் இருக்கும், அதைப் படிக்காமல் மேலே போக வேண்டாம்.

எல்லாவற்றையும் சதவீதமாக்குங்கள்

விற்பனை வருவாயை 100 என்று வைத்து, மற்ற ஒவ்வொரு வரியையும் அதன் சதவீதமாக எழுதுங்கள். கீழே உள்ளது ஒரு கற்பனை உற்பத்தி நிறுவனம். எண்கள் கோடியில், அடைப்புக்குறிக்குள் இருப்பது விற்பனையில் சதவீதம்.

| வரி | சென்ற வருடம் | இந்த வருடம் |
|---|---|---|
| விற்பனை வருவாய் | 1,000 (100) | 1,150 (100) |
| விற்ற சரக்கின் அடக்கவிலை | 600 (60.0) | 724 (63.0) |
| மொத்த லாபம் | 400 (40.0) | 426 (37.0) |
| விற்பனை, நிர்வாகச் செலவு | 220 (22.0) | 241 (21.0) |
| ஆராய்ச்சிச் செலவு | 30 (3.0) | 18 (1.6) |
| தேய்மானம் | 40 (4.0) | 42 (3.7) |
| செயல்பாட்டு லாபம் | 110 (11.0) | 125 (10.9) |
| இதர வருமானம் | 10 (1.0) | 55 (4.8) |
| வட்டி | 20 (2.0) | 28 (2.4) |
| வரிக்கு முந்தைய லாபம் | 100 (10.0) | 152 (13.2) |
| வரி | 25 (2.5) | 32 (2.8) |
| நிகர லாபம் | 75 (7.5) | 120 (10.4) |

செய்தியில் என்ன வரும்? “விற்பனை 15% உயர்வு, நிகர லாபம் 60% உயர்வு.” இந்தக் கணக்கை மேலிருந்து கீழே வாசித்தால் அந்த 60 என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

விற்பனை: கூடியது எதனால்

விற்பனை கூடுவதற்கு மூன்று வழிதான் உண்டு: அதிக எண்ணிக்கையில் விற்றது, விலையை ஏற்றியது, வேறொரு நிறுவனத்தை வாங்கிச் சேர்த்தது. நாணய மாற்று விகிதம் நான்காவதாக வந்து குழப்பும். நிர்வாகத்தின் விளக்கவுரைப் பகுதியில் இந்தப் பிரிப்பு பெரும்பாலும் இருக்கும். நிறுவனங்களை வாங்கி வாங்கியே வளர்ந்திருந்தால், வாங்கியதைக் கழித்துவிட்டுப் பழைய தொழில் வளர்ந்ததா என்று பாருங்கள். பழைய தொழில் தேங்கிக் கிடந்தாலும் மொத்த விற்பனை வருடாவருடம் ஏறுவதுபோல் காட்ட முடியும்.

அடுத்தது, எதை விற்பனை என்று எழுதுகிறார்கள் என்பது. இடைத்தரகராக நிற்கும் நிறுவனம் 1,000க்கு டிக்கெட் விற்று 80 கமிஷன் எடுத்தால், அதன் வருவாய் 80 மட்டுமே. சரக்கையும் அதன் ஆபத்தையும் தானே சுமந்தால்தான் 1,000 முழுவதையும் எழுதலாம். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2000ஆம் ஆண்டில் சுமார் 100 பில்லியன் டாலர் வருவாய் காட்டியதற்கு முக்கியக் காரணம், எரிசக்தி வர்த்தகத்தின் முழு மதிப்பையும் வருவாயாக எழுதியதுதான். முழுத் தொகை எழுதும் நிறுவனத்தையும் கமிஷன் மட்டும் எழுதும் நிறுவனத்தையும் மார்ஜினில் ஒப்பிட்டால் வரும் முடிவுக்குப் பொருளே இல்லை.

மொத்த லாபம்: அதிக நேரம் இங்கே செலவிடுங்கள்

நம் நிறுவனத்தின் மொத்த லாப மார்ஜின் 40இலிருந்து 37க்கு இறங்கியிருக்கிறது. மூன்று புள்ளிதானே என்று தோன்றும். கூடுதலாக வந்ததை மட்டும் தனியே எடுங்கள்: விற்பனை 150 கூடியது, மொத்த லாபம் 26 மட்டுமே கூடியது. 26ஐ 150ஆல் வகுத்தால் 17.3%. பழைய விற்பனையில் நூற்றுக்கு 40 நின்றது. புதிதாகப் பிடித்த விற்பனையில் நூற்றுக்கு 17 நிற்கிறது. தள்ளுபடி கொடுத்து விற்றார்களா, மூலப்பொருள் விலை ஏறியதை வாங்குபவர்மேல் ஏற்ற முடியவில்லையா, குறைந்த மார்ஜின் உள்ள பொருள்கள் பக்கம் சாய்ந்துவிட்டார்களா? இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வரியின் வேலை. மூலப்பொருள் விலை காரணம் என்றால் போட்டி நிறுவனங்களுக்கும் அதே சரிவு தெரிய வேண்டும். அவர்களுக்கு மார்ஜின் அப்படியே இருந்தால், விலை சொல்லும் பலம் இந்த நிறுவனத்திடம் இல்லை என்று பொருள்.

சில அறிக்கைகளில் மொத்த லாபம் என்ற வரியே இருக்காது. செலவுகளை உற்பத்தி, விற்பனை, நிர்வாகம் என்று பணிவாரியாகப் பிரிக்காமல் மூலப்பொருள், சம்பளம், தேய்மானம் என்று இனவாரியாகப் போட்டிருப்பார்கள். அப்போது மூலப்பொருள் செலவு, விற்பதற்காக வாங்கிய சரக்கு, கையிருப்பு மாற்றம் ஆகிய மூன்றையும் கூட்டி விற்பனையிலிருந்து கழியுங்கள். இதில் தொழிற்சாலைச் சம்பளம் சேராது; அதனால் பணிவாரி அறிக்கை தரும் நிறுவனத்தோடு நேராக ஒப்பிடாதீர்கள், அதே நிறுவனத்தின் பழைய வருடங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கையிருப்பு மாற்றம் என்ற அந்த வரியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தொழிற்சாலையின் நிலையான செலவு 12 கோடி என்று வையுங்கள். ஒரு லட்சம் அலகு செய்தால் ஒன்றின்மேல் 1,200 விழும்; ஒன்றரை லட்சம் செய்தால் 800தான் விழும். இரண்டு வருடமும் விற்றது ஒரு லட்சம் அலகுதான் என்றாலும், இரண்டாம் வருடத்தில் விற்ற சரக்கின் அடக்கம் 4 கோடி குறைந்து, லாபம் 4 கோடி கூடிவிடும். அந்த 4 கோடி எங்கும் போகவில்லை, விற்காத ஐம்பதாயிரம் அலகோடு கிடங்கில் கிடக்கிறது. விற்பனையைவிடக் கையிருப்பு வேகமாக வளர்ந்து, கூடவே மார்ஜினும் உயர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

செயல்பாட்டுச் செலவும் லாபமும்

நம் நிறுவனத்தில் செயல்பாட்டு லாபம் 110இலிருந்து 125 ஆகியிருக்கிறது. மொத்த லாப மார்ஜின் மூன்று புள்ளி விழுந்தும் இங்கே 11.0, 10.9 என்று ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. தாங்கிப் பிடித்தது எது? ஆராய்ச்சிச் செலவு 30இலிருந்து 18க்கு வெட்டப்பட்டிருக்கிறது. பழைய 3% விகிதத்தில் செய்திருந்தால் 34.5 ஆகியிருக்கும், அதாவது 16.5 கோடி இந்த வருடம் செலவிடப்படவில்லை. அதைச் சேர்த்தால் செயல்பாட்டு லாபம் 108.5, சென்ற வருடத்தைவிடக் குறைவு. விளம்பரம், பராமரிப்பு, பணியாளர் பயிற்சி ஆகியவையும் இதே ரகம்: வெட்டினால் இந்த வருடம் லாபம், அடி விழுவது பின்னால்.

செலவை வெட்டாமலே குறைத்துக் காட்டவும் முடியும். செலவாக எழுத வேண்டியதைச் சொத்து என்று எழுதினால் போதும். முழுத் தொகையும் இந்த வருட லாபத்தில் இடிக்காது, பல வருடத் தேய்மானமாகப் பிரிந்துவிடும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம் செய்தது இதைத்தான். மற்ற நிறுவனங்களின் தொலைபேசித் தடங்களைப் பயன்படுத்தக் கட்டிய அன்றாடக் கட்டணத்தை மூலதனச் செலவாக எழுதியது. 2002 ஜூனில் முதலில் வெளிவந்த தொகையே 3.8 பில்லியன் டாலர். மென்பொருள் உருவாக்கச் செலவில் எவ்வளவு சொத்தாக ஏற்றப்பட்டது என்பது குறிப்புகளில் இருக்கும். வருடாவருடம் அந்த விகிதம் ஏறினால் லாபத்தின் தரம் இறங்குகிறது.

தேய்மானமும் மதிப்பீடுதான். ஆயிரம் கோடி இயந்திரத்தின் ஆயுள் 10 வருடம் என்றால் வருடத்துக்கு 100 கோடி. 15 என்று மாற்றினால் சுமார் 67 கோடி. ஒரு பொருளும் கூடுதலாக விற்காமலே 33 கோடி லாபம். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023 தொடக்கத்தில் தன் சர்வர்களின் ஆயுளை 4 வருடத்திலிருந்து 6 வருடமாக மாற்றி, அதை வெளிப்படையாகவும் சொன்னது. அமேசான் 2025இல் எதிர்த்திசையில் போய், தன் சர்வர்களில் ஒரு பகுதியின் ஆயுளை 6இலிருந்து 5 ஆகக் குறைத்தது. இரண்டும் விதிக்குட்பட்டவை. ஆனால் இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் இரண்டு வருட மார்ஜினை ஒப்பிட்டு “திறமை கூடிவிட்டது” என்று எழுதினால் தவறு.

எபிட்டா பற்றி ஒரு வார்த்தை. வட்டி, வரி, தேய்மானம் எல்லாவற்றுக்கும் முந்தைய லாபம் இது. கடன் அமைப்பு வேறுபட்ட இரண்டு நிறுவனங்களை ஒப்பிட உதவும், அவ்வளவுதான். இயந்திரம் தேயத்தான் செய்யும், மாற்றத்தான் வேண்டும். சிமென்ட், தொலைத்தொடர்பு, விமானப் போக்குவரத்து மாதிரித் தொழில்களில் எபிட்டாவை மட்டும் காட்டி லாபம் பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இன்னொரு சிக்கல்: ஐஎஃப்ஆர்எஸ் எனப்படும் சர்வதேசக் கணக்கு முறையின் 16ஆம் விதி (ஐஎஃப்ஆர்எஸ் 16) 2019இல் நடைமுறைக்கு வந்தபின், அந்த முறையில் கணக்கு எழுதும் நிறுவனங்களின் கடை வாடகை, விமானக் குத்தகை எல்லாம் தேய்மானமும் வட்டியுமாக மாறிவிட்டன. எபிட்டா ஒரே வருடத்தில் எகிறியது. அமெரிக்கக் கணக்கு முறையில் வழக்கமான குத்தகைகள் இன்னும் செயல்பாட்டுச் செலவாகவே இருக்கின்றன. இந்த இரு முறைகளில் எழுதும் இரண்டு சில்லறை வணிக நிறுவனங்களை எபிட்டா வைத்து ஒப்பிடுவது வீண்வேலை.

செயல்பாட்டு லாபம் என்பதற்கே ஐஎஃப்ஆர்எஸ் முறையில் இதுவரை கட்டாய வரையறை இல்லை; எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை நிறுவனங்களே முடிவு செய்துவந்தன. 2024 ஏப்ரலில் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் 18 இதை மாற்றுகிறது. 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அது கட்டாயம். அதுவரை நீங்களே வரிகளைக் கூட்டிக் கழித்து, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வரையறையில் கணக்கிடுவதுதான் பாதுகாப்பு.

அதற்குக் கீழே: ஒரு முறை வருவதைப் பிரித்தெடுங்கள்

இதர வருமானம் 10இலிருந்து 55 ஆகியிருக்கிறது. குறிப்பைப் பார்த்தால், உபயோகமில்லாமல் கிடந்த நிலத்தை விற்றதில் 45 கோடி ஆதாயம். அதே நிலத்தை அடுத்த வருடம் மறுபடி விற்க முடியாது. கழித்துவிட்டால் வரிக்கு முந்தைய லாபம் 107. வரி விகிதத்தையும் பாருங்கள்: சென்ற வருடம் 25%, இந்த வருடம் 152க்கு 32, அதாவது 21%. நிலையான சலுகை எதுவும் கிடைத்ததாகக் குறிப்பில் இல்லையென்றால் 25 சதவீதத்தையே போடுங்கள். நிகர லாபம் 80.25. சென்ற வருடத்தைவிட 7% கூடுதல். ஆராய்ச்சிச் செலவையும் பழைய விகிதத்துக்குக் கொண்டுவந்தால் வரிக்கு முன் 90.5, வரிக்குப் பின் சுமார் 68. அதாவது 9.5% சரிவு. தலைப்புச் செய்தியில் 60% உயர்வு என்று வந்த அதே கணக்குதான் இது.

எதிர்ப்பக்கமும் நடக்கும். 2022இல் அமேசான் 2.7 பில்லியன் டாலர் நிகர நட்டம் காட்டியது. செயல்பாட்டு லாபமோ 12.2 பில்லியன். அமேசான் கையில் வைத்திருந்த, மின்வாகனம் தயாரிக்கும் ரிவியன் நிறுவனப் பங்குகளின் மதிப்புச் சரிவால் வந்த 12.7 பில்லியன் நட்டம் இடையில் புகுந்ததே காரணம். அடிவரியை மட்டும் பார்த்தவர் தொழிலே நட்டத்தில் ஓடுகிறது என்று நினைத்திருப்பார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. “ஒரு முறைச் செலவு” என்று நிறுவனம் சொல்வதை எல்லாம் ஒதுக்கிவிடக் கூடாது. ஐந்து வருட அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆள்குறைப்பு, மறுசீரமைப்பு, வாராக்கடன் தள்ளுபடி என்று வருடம் தவறாமல் ஒரு “ஒரு முறைச் செலவு” வந்துகொண்டிருக்கும் நிறுவனங்கள் நிறைய. வருடாவருடம் வருவது வாடிக்கைச் செலவு, கழிக்காதீர்கள். ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் ஊதியத்தை நீக்கிவிட்டுக் காட்டும் “சரிப்படுத்திய லாபம்” அதே கதை. பணமாகக் கொடுக்காவிட்டாலும் பங்குதாரரின் பங்கிலிருந்துதான் அது போகிறது.

வட்டியைப் பொறுத்தவரை ஒரு வகுத்தல் போதும். செயல்பாட்டு லாபம் ÷ வட்டி: சென்ற வருடம் 110 ÷ 20 = 5.5 மடங்கு, இந்த வருடம் 125 ÷ 28 = 4.5 மடங்கு. கடன் கூடுகிறது, தாங்கும் பலம் குறைகிறது. 2 மடங்குக்குக் கீழே வந்துவிட்டால், விற்பனையில் சறுக்கல் வந்தால் பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

நிகர லாபத்துக்குக் கீழே, துணை நிறுவனங்களில் வெளியாருக்குச் சேர வேண்டிய பங்கைக் கழித்துவிட்டு, தாய் நிறுவனப் பங்குதாரருக்கு உரியது எவ்வளவு என்று தனியாக இருக்கும். அதை எடுங்கள். இபிஎஸ், அதாவது ஒரு பங்குக்கான லாபம், அறிக்கையில் இரண்டு எண்களாக இருக்கும். ஊழியர் பங்கு உரிமைகளும் மாற்றத்தக்க கடன்பத்திரங்களும் பங்காக மாறினால் என்ன ஆகும் என்று கணக்கிட்ட எண்ணைப் பயன்படுத்துங்கள்.

எத்தனை சதவீதம் நல்லது?

இந்தக் கேள்விக்குத் தொழிலைச் சொல்லாமல் பதில் இல்லை. 2023 நிதியாண்டில் உறுப்பினர்களுக்கு மொத்தமாக விற்கும் அமெரிக்கச் சில்லறை நிறுவனமான காஸ்ட்கோ 242 பில்லியன் டாலர் வருவாயில் 6.3 பில்லியன் நிகர லாபம் ஈட்டியது: 2.6%. அதே நிதியாண்டில் மைக்ரோசாஃப்ட் 212 பில்லியனில் 72 பில்லியன்: 34%. காஸ்ட்கோ மோசமான தொழில் என்று சொல்லிவிட முடியுமா? அதன் சரக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் விற்றுத் தீர்கிறது. அந்த ஆண்டில் செயல்பாட்டு லாபம் 8.1 பில்லியன்; உறுப்பினர் கட்டணமாக மட்டும் வந்த 4.6 பில்லியன் டாலர் அதில் பாதிக்கும் மேலான அளவு. குறைந்த மார்ஜின், வேகமான சுழற்சி. ஆகவே மார்ஜினோடு நிறுத்தாமல், பேலன்ஸ் ஷீட்டிலிருந்து பங்குதாரர் மூலதனத்தையும் கடனையும் கூட்டி, செயல்பாட்டு லாபத்தை அதனால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் நிறுவனம் கட்டும் கடன் வட்டி விகிதத்தைவிடக் குறைவாக இருந்தால், விற்பனை எவ்வளவு வளர்ந்தாலும் மதிப்பு கூடவில்லை.

பணமாக வந்ததா?

லாப நட்டக் கணக்கில் விற்பனை என்று எழுத, பணம் கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. கேஷ் ஃப்ளோ அறிக்கையில் செயல்பாட்டிலிருந்து வந்த பணத்தை எடுத்து, ஐந்து வருடத்துக்கும் கூட்டுங்கள். நிகர லாபத்தையும் அப்படியே கூட்டுங்கள். தேய்மானம் பணமாக வெளியே போகாத செலவு என்பதால், வளர்ந்து நிலைத்த நிறுவனத்தில் முதல் கூட்டுத்தொகை பெரிதாக இருக்க வேண்டும். ஒரே வருடத்தில் பின்தங்கினால் பரவாயில்லை. ஐந்து வருடக் கூட்டுத்தொகையிலும் பின்தங்கினால் காரணம் தேடுங்கள்.

முதலில் தேட வேண்டிய இடம் வாடிக்கையாளர் பாக்கி. நம் நிறுவனத்தில் அது 150 கோடியிலிருந்து 240 கோடி ஆகியிருக்கிறது என்று வையுங்கள். பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால் சென்ற வருடம் 55 நாள், இந்த வருடம் 76 நாள். விற்பனை 15% கூடியது, பாக்கி 60% கூடியது. மொத்த லாபத்தில் பார்த்த 17 சதவீதத்தோடு சேர்த்துப் பாருங்கள்: தள்ளுபடியும் கொடுத்து, கடனுக்கும் கொடுத்து விற்பனையைத் தூக்கியிருக்கிறார்கள். ஆண்டின் கடைசிக் காலாண்டில் மட்டும் விற்பனை வீங்கியிருக்கிறதா என்று காலாண்டு முடிவுகளில் சரிபாருங்கள். காலாண்டை எப்போதும் சென்ற வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள், முந்தைய காலாண்டோடு அல்ல. முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால், பருவகால விற்பனை உள்ள தொழிலில் உண்மையில் இல்லாத வளர்ச்சியெல்லாம் இருப்பதுபோல் தெரியும்.

வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மேலே சொன்ன பாதி பொருந்தாது. வங்கிக்கு வட்டிதான் சரக்கு. பெற்ற வட்டியில் கொடுத்த வட்டியைக் கழித்த நிகர வட்டி வருமானம், அதற்கு அடுத்து வாராக்கடனுக்கான ஒதுக்கீடு, இவை இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டைக் குறைத்துக் காட்டியே ஒரு வங்கி தன் லாபத்தை இரண்டு மூன்று வருடம் அழகாக வைத்துக்கொள்ள முடியும். அதனால் லாபம் உயர்ந்த வருடத்தில் மொத்தக் கடனில் வாராக்கடன் விகிதமும், அதில் எத்தனை சதவீதத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறது என்பதும் எந்தப் பக்கம் நகர்ந்தன என்று கூடவே பாருங்கள்.